மலரின் நிறத்தைக் காக்கும் நீர்வர்ணம்

தாவரங்களைச் சேகரிப்போர் யாவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. ஒரு செடியைப் பறித்துத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால், இலையின் வடிவம், நரம்புகளின் ஓட்டம், காம்பின் நீளம், மயிர்களின் அடர்த்தி ஆகியவை நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் காணக் கிடைக்கும். ஆனால், மலரின் நிறம் பல சமயங்களில் சில வாரங்களிலேயே மங்கிப் பழுப்பாகிவிடும். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களைத் தரும் ஆந்தோசயனின் என்னும் பொருள்கள் மலரின் உயிரணுக்களிலுள்ள சாற்றில் கரைந்திருக்கின்றன. உயிரணு இறந்ததும் அச்சாறு மற்ற பொருள்களோடு கலக்கிறது. நொதிகளும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து நிறத்தைச் சிதைக்கின்றன. ஆகவே, உலர்ந்த மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மலரின் உண்மை நிறத்தைப் பின்னால் வருவோர் அறிய இயலாது. இக்குறையை நீக்குவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் நம்பி வந்துள்ள சாதனம் நீர்வர்ண ஓவியமாகும்.

தேவிகுளத்தின் தேவை

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் இத்தேவை மற்ற இடங்களைவிட அதிகம். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும், 97 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவும் இப்பகுதியில் உள்ளன. இங்குள்ள புல்வெளிகளிலும் சோலைக் காடுகளிலும் வளரும் செடிகளுள் பல, மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை.

இவற்றுள் யாவரும் அறிந்தது நீலக்குறிஞ்சி. ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா என்பது இதன் தாவரவியற் பெயர். இச்செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை முற்றியபின் மடிந்துவிடுகிறது. மூணாறுப் பகுதியில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இம்மலர்ச்சி காணப்பட்டது; அடுத்தது 2030-ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகிறது. 2018-இல் மூன்றாம் வகுப்பில் பயின்ற குழந்தை, 2030-இல் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வயதில் இருக்கும். 2018-க்குப் பின் அக்குழந்தை பள்ளியில் படித்த காலம் முழுவதும் குறிஞ்சி பெருமளவில் பூக்காத காலமே. இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர்க்குக் காட்டுவதற்கு ஆசிரியரிடம் உள்ளது என்ன என்பதே கேள்வி.

காசித்தும்பை இனச் செடிகளின் நிலை இதனினும் கடினமானது. ஆனைமலைத் தொடரின் உயர்ந்த பகுதிகளில் நீரோடைகளை ஒட்டி இவற்றுள் பலவகை வளர்கின்றன. அவற்றுள் ஒன்றிற்குத் தாவரவியல் அறிஞர் பெட்டோம் சூட்டிய பெயர் இம்பேஷன்ஸ் தங்கச்சி. இலத்தீன் பெயரினுள் ஒரு தமிழ்ச் சொல் நிற்பதைக் காண்க. காசித்தும்பையின் இதழ்கள் மிக மென்மையானவை, நீர் நிறைந்தவை. அழுத்தியவுடன் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்வதால் நிறத்தோடு வடிவமும் கெடுகிறது. தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளை இவ்வினத்தை ஆராய்வதில் செலவிட்ட ஜோசப் ஹூக்கர் போன்ற பேரறிஞரே, உலர்ந்த மாதிரிகளிலிருந்து இம்மலர்களின் அமைப்பை அறிவதில் பெரிதும் இடர்ப்பட்டார். செடி உயிரோடு நிற்கும்போதே அதனை வரைந்து வைப்பதன் அவசியம் இதனால் விளங்கும்.

நீர்வர்ணம் என்பது யாது?

நீர்வர்ணத்தில் முக்கியமாக இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, மாவாக அரைக்கப்பட்ட நிறமி. மற்றொன்று, அந்நிறமியைத் தாளோடு ஒட்டவைக்கும் பிசின். வேல மர இனத்தைச் சார்ந்த ஒருவகை மரத்திலிருந்து கிடைக்கும் அரபிப் பிசினே இதற்குச் சிறந்ததாகக் கருதப்படுகிறது. நம் ஊர்க் கருவேலம் பிசினும் அதற்கு நெருங்கிய உறவுடையது. பிசின் மட்டும் இருந்தால் வர்ணக் கட்டி உலர்ந்து வெடிக்கும். ஆகவே சிறிது தேனோ கிளிசரினோ சேர்க்கப்படுகிறது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கிருமி நாசினி ஒன்றும் சேர்ப்பர்.

தண்ணீரில் தூரிகையைத் தோய்த்து இவ்வர்ணத்தைத் தொட்டவுடன் பிசின் கரைகிறது; நிறமித் துகள்கள் நீரில் மிதக்கின்றன. தாளில் பூசியதும் நீர் ஆவியாகிவிட, துகள்கள் பிசினால் தாளின் இழைகளோடு பிணைக்கப்படுகின்றன. பூச்சு மெல்லியதாக இருப்பதால், ஒளி அதனூடே புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் பூச்சின் வழியாக நம் கண்ணை வந்தடைகிறது. நீர்வர்ணத்தின் தெளிவிற்கு இதுவே காரணம். இம்முறையில் வெண்மை என்பது தனி வர்ணமன்று. வர்ணம் பூசாது விடப்பட்ட தாளே வெண்மையாகும். வெளிர் நிறம் வேண்டுமாயின் வெள்ளையைக் கலக்காமல் தண்ணீரைக் கூட்ட வேண்டும். இதழின் மெல்லிய ஒளிபுகும் தன்மையை மற்ற முறைகளைவிட நீர்வர்ணம் நன்கு காட்டுவதும் இதனாலேயே.

வெள்ளையைக் கலந்து கனமாகப் பூசும் முறையும் ஒன்றுண்டு. முகலாய, இராஜபுத்திரச் சிற்றோவியங்கள் பெரும்பாலும் அம்முறையில் தீட்டப்பட்டவை. அதில் ஒளி பூச்சின் மேற்பரப்பிலிருந்தே திரும்புகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் ஓவியர்கள் தங்கள் வர்ணங்களைத் தாங்களே அரைத்துக்கொள்ளும் வழக்கமே மிகுதி. இலண்டனில் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் எளிதில் கரையும் வர்ணக் கட்டிகளைத் தயாரித்து விற்றார். 1781-இல் கலைச் சங்கம் இதற்காகப் பரிசளித்தது. 1832-இல் தொடங்கிய வின்சர்-நியூட்டன் நிறுவனம் கிளிசரின் சேர்த்த ஈர வர்ணங்களை விரைவில் வெளியிட்டது. இவற்றால் வர்ணப்பெட்டி சட்டைப்பையில் அடங்கும் பொருளாயிற்று. காட்டிலும் மலையிலும் நின்றவாறே வரைவது எளிதாயிற்று.

தென்னாட்டு ஓவியர்கள் இருவர்

கேரளத் தாவரங்களைப் பற்றிய பெருநூலான ‘ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. செடியின் வடிவம் சிறப்பாக அமைந்துள்ளதேயன்றி நிறம் இல்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், வில்லியம் ராக்ஸ்பரோ கோதாவரிக் கரையை அடுத்த சாமல்கோட்டையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் இந்திய ஓவியர்களைக் கொண்டு சுமார் 2,500 வர்ணப் படங்களை வரைவித்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரும் இயற்கை வரலாற்றுப் படங்களைத் தீட்டுவித்தார்.

தென்னிந்தியத் தாவரவியலுக்கு மிகப் பெரிய தொண்டு செய்த ஓவியர்கள் ரங்கையா, கோவிந்து ஆகிய இருவராவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்த ராபர்ட் வைட், 1820-களிலிருந்து ரங்கையாவையும், 1840-களில் கோவிந்துவையும் தம் பணிக்கு அமர்த்திக்கொண்டார். வைட் 1836-இல் பழனி மலைகளில் பயணம் செய்து அவற்றைப் பற்றி எழுதினார். தேவிகுளம் வட்டத்தின் கிழக்கெல்லையைத் தொட்டு நிற்கும் மலைத்தொடர் அதுவே.

நம் நாட்டு நுண்ணோவிய மரபில் பயின்ற கை, ஐரோப்பியத் தாவரவியல் கேட்கும் அளவுக் கண்டிப்பு ஆகிய இரண்டும் இவர்கள் படங்களில் ஒன்றுகூடின. ஒரே தாளில் பூங்கிளை, இலை, காய், பிளந்த மலரின் உட்பாகம் ஆகியவை காட்டப்பட்டன. வைட் வெளியிட்ட ‘ஐக்கோனிஸ்’ என்னும் நூல் 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. அதில் 2,101 படங்கள் உள்ளன. ஆயினும், செலவைக் குறைக்கும் பொருட்டு அவை கல்லச்சில் கறுப்பாகவே அச்சிடப்பட்டன. ஓவியர்கள் கண்டு தீட்டிய நிறங்கள் மூலப் படங்களில் மட்டுமே தங்கின. அம்மூலப் படங்களின் பெருந்தொகுதி ஒன்று எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் இன்றும் உள்ளது; எச். ஜே. நோல்டி அதனை ஆராய்ந்து 2007-இல் நூலாக வெளியிட்டார்.

கோவிந்துவின் பணியைப் பாராட்டி, வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். பிற்கால ஆராய்ச்சியில் அது டிராப்பிடியா என்னும் பேரினத்துள் அடங்குமென முடிவாயிற்று. எனினும், சம்பளத்திற்கு வரைந்த ஓர் ஓவியரின் பெயர் தாவரவியல் ஏடுகளில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. வைட் தாயகம் திரும்பிய பின் கோவிந்து, சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த பெட்டோமின் நூல்களுக்கும் படம் வரைந்தார். ஆனைமலைத் தாவரங்களை நேரில் கண்டு எழுதியவர் பெட்டோம். வனத்துறைக்கும் தூரிகைக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு பழமையானது.

சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பேராசிரியரின் மனைவியும் போர்ன் சீமாட்டியும் வரைந்த கோட்டுப்படங்கள் அந்நூலுக்கு அணி செய்கின்றன. செடியை இனங்காண அவை இன்றும் உதவுகின்றன; நிறத்தை மட்டும் சொற்களிலிருந்தே ஊகிக்க வேண்டியுள்ளது.

படக்கருவி இருக்கும்போது தூரிகை எதற்கு?

இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் படம்பிடிக்கும் கைபேசி இருக்க, வரைவது வீண் வேலை அல்லவா என்று கேட்கலாம். புகைப்படம் அவசியமே; ஆனால் அது ஓவியத்தின் வேலையைச் செய்வதில்லை. நீலமும் ஊதாவும் கலந்த மலர்கள் பழைய வர்ணப் பிலிம்களில் இளஞ்சிவப்பாகப் பதிவாவது வழக்கம். இன்றைய கருவிகளிலும் வெயிலில் ஒரு நிறமும் மூடுபனியில் வேறு நிறமும் விழக் காணலாம். மேலும், புகைப்படம் ஒரு கணத்தையே காட்டுகிறது. மொட்டு, விரிந்த மலர், வாடும் மலர், காய் ஆகியவற்றை ஒரே தாளில், ஒரே அளவுத் திட்டத்தில் அமைத்துக் காட்டுவது ஓவியமே. நீலக்குறிஞ்சி மலர் இளமையில் வெளிர் நீலமாகவும் முதிர்ந்தபின் ஊதா கலந்த நீலமாகவும் காணப்படுகிறது. இம்மாற்றத்தை ஒரு வரிசையில் தீட்டும் மாணவன் அதனை மறக்கமாட்டான். இதழ்களை எண்ணாமல் வரைய முடியாது. எண்ணாமல் படம்பிடிக்க முடியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. வரைவதற்குச் செடியைப் பறிக்க வேண்டுவதில்லை. 2006-இல் கொட்டக்கொம்பூர், வட்டவடைப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட இத்தகைய இடங்களில் மலரைப் பறிப்பது குற்றமாகும். கிராண்டிஸ் எனப்படும் யூகலிப்டஸ் தோட்டங்களும் காட்டுத்தீயும் குறிஞ்சி நிலத்தைச் சுருக்கி வரும் நிலையில், நின்ற இடத்திலேயே நிறத்தைப் பதிவு செய்யும் முறையே உகந்தது.

வர்ணத்தின் பகைவர்கள்

நிறத்தைக் காப்பதற்கென்று வரையும் ஓவியத்தின் நிறமே மங்கிவிடுமாயின் உழைப்பு வீணாகும். இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இரு விஞ்ஞானிகள் நீர்வர்ணங்களின்மீது ஒளியின் விளைவை ஆராய்ந்து 1888-இல் அறிக்கை வெளியிட்டனர். பல வர்ணங்கள் வெயிலில் மங்குவதையும், ஈரமும் காற்றும் இல்லாத நிலையில் அவற்றுள் பெரும்பாலானவை தாக்குப்பிடிப்பதையும் அவர்கள் காட்டினர். ஒளி, ஈரம், காற்று ஆகிய மூன்றும் கூடியே கேடு செய்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. அருங்காட்சியகங்களில் நீர்வர்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் அளவிற்கு மேற்படாத மங்கலான ஒளியே வைக்கப்படுவது இக்காரணம் பற்றியே.

எல்லா நிறமிகளும் ஒரே தன்மையன அல்ல. காவிக்கல்லில் உள்ள இரும்பு ஆக்சைடு, விளக்குக் கரி, அல்ட்ராமரீன் நீலம், கோபால்ட் நீலம் ஆகியவை ஒளியில் நெடுங்காலம் நிலைப்பவை. மஞ்சள் கிழங்கின் சாயம் விரைவில் வெளுத்துவிடும். காச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பும் நிலைப்பதன்று. குறிஞ்சியின் ஊதாவுக்கு வேண்டிய இளஞ்சிவப்பில்தான் ஏமாற்றம் அதிகம். கண்ணைக் கவரும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு வர்ணங்கள் பல சில மாதங்களிலேயே மங்குகின்றன. குவினாக்ரிடோன் என்னும் நிறமியால் செய்த இளஞ்சிவப்பு நம்பத்தக்கது. நல்ல வர்ணக் குழாய்களின்மீது நிறமியின் சர்வதேசக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பிபி 29 என்பது அல்ட்ராமரீனையும், பிவி 19 என்பது குவினாக்ரிடோனையும் குறிக்கும். இவ்விரண்டையும் கலந்தால் தூய ஊதா கிடைக்கும். ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பை நீலத்தோடு கலந்தால் ஊதா வராது. அச்சிவப்பு நீல ஒளியையும் விழுங்கிவிடுவதால் மங்கிய பழுப்பே தோன்றும்.

பள்ளிகளில் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியிலுள்ள ஒவ்வொரு வர்ணத்தையும் ஒரு நீண்ட பட்டையாகத் தாளில் பூசிப் பெயர் எழுதுக. பட்டைகளின் ஒரு பாதியைத் தடித்த கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டுக. மூன்று மாதம் கழித்து மூடியைத் திறந்து இரு பாதிகளையும் ஒப்பிடுக. மங்கிய வர்ணங்களைப் பதிவுப் பணிக்கு விலக்கிவிடலாம். விலை கூடிய வர்ணம் வாங்க இயலாத பள்ளிக்கும் இச்சோதனை வழிகாட்டும்.

வர்ணம் செய்து பார்க்கவும் மாணவர்களைத் தூண்டலாம். ஒரு பங்கு வேலம் பிசினை இரண்டு பங்கு நீரில் இரவு முழுதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, சில துளி தேனும் ஒரு துளி கிராம்பு எண்ணெயும் சேர்த்து, நன்கு பொடித்துச் சலித்த காவிக்கல்லுடன் கண்ணாடித் தகட்டின்மேல் அரைத்தால் நிலையான செந்நிற வர்ணம் கிடைக்கும். பழைய ஓவியர்கள் கையாண்ட சாதிலிங்கத்தில் பாதரசமும், அரிதாரத்தில் பாஷாணமும் உள்ளன. அவற்றை மாணவர் கையில் கொடுக்கலாகாது. எவ்வகை வர்ணமாயினும் தூரிகை நுனியை வாயில் வைக்கும் பழக்கத்தைத் தடுக்க வேண்டும்.

மலைப்பகுதியில் கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் தேவிகுளத்தின் காற்று ஈரம் நிறைந்தது. சமவெளியில் சில நிமிடங்களில் உலரும் பூச்சு இங்கு நெடுநேரம் ஈரமாகவே நிற்கும். முதற் பூச்சு உலருமுன் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலங்கிவிடும். ஆகவே, களத்தில் பென்சில் கோட்டுருவத்தையும், தாளின் ஓரத்தில் சிறு சதுரங்களாக நிறக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய வேலையை அறையில் முடிப்பது நலம். 1874-இல் நீலகிரிக்கு வந்த ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் பென்சில் கோட்டுருவத்தின் மேலேயே நிறங்களின் பெயர்களை எழுதிவைத்துப் பின்னர் வர்ணம் தீட்டும் வழக்கமுடையவர். இம்முறை ஓவியப் பயிற்சி இல்லாத களப்பணியாளருக்கும் எளிது.

தாள் பருத்திக் கூழால் ஆனதாகவும், அமிலமற்றதாகவும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாகவும் இருத்தல் நன்று. புதுச்சேரியில் கையால் செய்யப்படும் தாள்கள் இதற்கு ஏற்றவை. மலிவான மரக்கூழ்த் தாள் சில ஆண்டுகளில் மஞ்சளித்து, அதன்மேலுள்ள நிறத்தையும் பொய்யாக்கிவிடும். தூரிகைக்குச் செயற்கை இழையே போதுமானது. கீரி முடியால் ஆன தூரிகைகளை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானவை என்பதை வனத்துறை ஊழியர்கள் ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

முடிந்த படங்களைச் சுவரில் மாட்டுவதைவிட, அமிலமற்ற தாளிடையே அடுக்கி, மூடியுள்ள பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது மேல். பிசின் பூஞ்சணத்திற்கும் இராமபாணப் பூச்சிக்கும் உணவாவதால், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். காப்பதாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையில் சூடுபடுத்தி ஒட்டுவது தவறு. ஒட்டிய உறையைப் பிறகு படத்திற்குச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. வகுப்பில் காட்ட அச்சுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்: செடியின் ஊர்ப் பெயரும் தாவரவியற் பெயரும், கண்ட இடமும் உயரமும், நாள், படத்தின் அளவு விகிதம், வரைந்தவர் பெயர். இவையின்றேல் அழகிய படமும் விஞ்ஞானச் சான்றாகாது.

இறுதியிற் கூறிய செய்தி எளிதில் விடுபடுவது. கம்பெனி காலத்தில் தாவரங்களை வரைந்த இந்திய ஓவியர்களுள் மிகப் பலர் இன்று பெயரற்றவராயினர். படங்கள் இருக்கின்றன; வரைந்த கை எவருடையது என்று தெரியவில்லை. ரங்கையாவும் கோவிந்துவும் இன்று நினைக்கப்படுவதற்குக் காரணம், அவர்கள் பெயர்கள் படங்களோடு எழுதி வைக்கப்பட்டமையே. அடுத்த குறிஞ்சிப் பூப்பிற்கு முன் உள்ள ஆண்டுகள், வர்ணங்களைச் சோதித்துத் தேரவும், ஓடைக்கரைக் காசித்தும்பையிலும் வேலியோரச் செடிகளிலும் கைபழகவும் போதுமானவை. 2030-இல் மலை பூக்கும்போது, தேவிகுளம் வட்டத்துப் பள்ளிகளின் மாணவர்கள் ஆளுக்கொரு தாளேனும் வரைந்து, தம் பெயரையும் நாளையும் எழுதி வைப்பார்களாயின், 2042-ஆம் ஆண்டுப் பூப்பை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சான்று கிடைக்கும். அதற்கு வேண்டியவை ஒரு வர்ணப்பெட்டி, நல்ல தாள், பொறுமையோடு பார்க்கும் கண் ஆகிய மூன்றே.